வர்ஜீனியா வுல்ஃப் வாசிப்பில் கற்பனையின் இடம்

சான்று கிடைக்காத இடத்தில் திறனாய்வாளர் கற்பனையைத் துணைக்கொள்ளலாமா என்னும் வினா, ஆங்கில நவீனத்துவ நாவலாசிரியரான வர்ஜீனியா வுல்ஃபை (1882–1941) வாசித்தோரிடையே மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. அவ்வழியைத் திறந்துவைத்தவர் வுல்ஃபே எனலாம். 1929 அக்டோபரில் வெளிவந்த 'தனக்கென ஓர் அறை' என்னும் நூலில் ஷேக்ஸ்பியருக்கு ஜூடித் என்றோர் உடன்பிறந்தாளை அவர் படைத்தார். அண்ணனுக்கு நிகரான ஆற்றலுடைய அப்பெண் நாடக அரங்கின் வாயிலில் எள்ளப்பட்டு, இறுதியில் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறாள். பதினாறாம் நூற்றாண்டுப் பெண்கள் குறித்து ஆவணங்கள் காக்கும் மௌனமே இக்கற்பனையின் அடித்தளம்.

எரிக் அவர்பாக்கின் வாசிப்பு வேறுவகைப்பட்டது. நாஜி ஆட்சியில் பதவியிழந்து இஸ்தான்புல் சென்ற அவர், 1942க்கும் 1945க்கும் இடையில் எழுதிய 'மிமேசிஸ்' நூலின் இறுதி இயலில், வுல்ஃபின் 'கலங்கரை விளக்கத்திற்கு' (1927) நாவலிலிருந்து ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொள்கிறார். திருமதி ராம்சே தாம் பின்னும் காலுறையை மகனின் காலோடு வைத்து அளவு பார்க்கிறார், புறநிகழ்ச்சி அவ்வளவே. அதனிடையே அவருடைய துயரத்தைப் பற்றிப் பேசும் குரல் யாருடையது? ஆசிரியருடையதா, பெயரற்ற ஆவிகளுடையதா என்றுகூட அவர்பாக் ஐயுறுகிறார். மொழிநூற் பயிற்சியில் ஊறிய ஓர் அறிஞர் இவ்வாறு ஐயுறுவது வியப்பிற்குரியதே; ஆயினும் அந்த ஐயமே நாவலின் கதைகூறு முறையைத் துல்லியமாகக் காட்டிவிடுகிறது.

அந்நாவலின் இடைப்பகுதியில் திருமதி ராம்சேயின் மரணம் அடைப்புக்குறிக்குள் ஒரே வாக்கியத்தில் கூறப்படுகிறது. ஆலிஸ் வாக்கர் 1974இல் எழுதிய கட்டுரையில் அதே குறியை வேறொன்றுக்குப் பயன்படுத்தினார். ஜூடித்தைப் பற்றிய வுல்ஃபின் வாக்கியங்களுக்குள் அடைப்புக்குறியிட்டு, அடிமைப் பெண்களின் வாழ்வைச் செருகினார். 1773இல் கவிதைநூல் வெளியிட்ட ஃபிலிஸ் வீட்லி, தன் உடலுக்கே உரிமையற்றிருந்தவர். தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்னும் வாதம் அவரிடம் என்ன ஆகும்? மறுத்துரைப்பதைவிட இச்செருகல் ஆழமாகத் தைக்கிறது.

அவ்வறையைத் துப்புரவு செய்தவர் யார் என்பது அடுத்த வினா. 1916 முதல் 1934 வரை வுல்ஃப் இல்லத்தில் சமைத்த நெல்லி பாக்ஸாலைப் போன்ற பணிப்பெண்களின் வரலாற்றை அலிசன் லைட் 2007இல் நூலாக்கினார். வுல்ஃபும் இதை அறியாதவரல்லர். ஜூடித்தின் கதை அச்சேறி இரண்டு திங்கள் கழியுமுன், 1929 டிசம்பரில், தம் நாட்குறிப்பு பிறர் எழுதியதாக இருப்பின் நெல்லியின் சித்திரத்தையே பற்றிக்கொண்டு கதையொன்று புனைந்திருக்கக்கூடும் என்னும் பொருள்பட அதில் எழுதினார். அக்கதையை அவர் எழுதவில்லை.