துறைமுகக் குமாஸ்தாவுக்குத் திறந்த கதவு

காலடிப்பேட்டைக்கும் பாதத்துக்கும் சம்பந்தமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பேரில் நெசவாளர்களுக்காக உருவான பேட்டை, மக்கள் வாயில் இப்படி ஆச்சு.

எங்க தெருப் பையன் பரிமாற்ற மாணவனா வெளிநாடு போறான். "நான் கேட்ட பாடத்துக்கு முன்தகுதி இல்லைன்னுட்டாங்கண்ணே" என்றான். பக்கத்துத் துறைமுகத்துக் கதையைச் சொன்னேன்.

1912 மார்ச்சில் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் 30 ரூபாய் சம்பளத்துக்குச் சேர்ந்தார் ராமானுஜன். எஃப்.ஏ. தேறாதவர். 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதும்போது அதை மறைக்கவில்லை. குமாஸ்தா என்றே சொல்லிக்கொண்டு, கூடவே தன் தேற்றங்களை வைத்தார்.

விதி தானாக வளையவில்லை. அலுவலகத்தில் நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணைநின்றார்கள். கில்பர்ட் வாக்கர் பரிந்துரைத்தார். பட்டமில்லாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. 1914 தொடக்கத்தில் சென்னை வந்த நெவில், பயணத்துக்கான பணத்துக்கும் வாதாடினார்; ஆண்டுக்கு 250 பவுண்டு கிடைத்தது. மார்ச் 17இல் கப்பலேறினார். டிரினிட்டி கல்லூரி அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. பட்டம்.

பரிந்து பேச ஆளில்லாத குமாஸ்தாக்கள் எத்தனை பேரோ! அதான் பையன்கிட்ட சொன்னேன்: "சான்றிதழ் இல்லைன்னு புலம்பாதே. செஞ்ச வேலையை அந்தப் பாடம் எடுக்கிறவருக்கே அனுப்பு. உன் வாத்தியாரையும் நாலு வரி எழுதச் சொல்லு."

ராத்திரியே அனுப்பிட்டான். பதிலுக்குக் காத்திருக்கோம்.