பயணியின் வினாவும் போர்த்துக்கேயச் சொற்களின் வரலாறும்

அந்நிய நகரொன்றில் வந்திறங்கும் பயணி முதலில் நாடுவது வழி கூறுவார் ஒருவரையே. "பஸ் தரிப்பிடம் எங்குள்ளது?" என்பது மிக எளிய வினா. ஆயின், போர்த்துக்கேய மொழியில் இவ்வினாவை எழுப்புவோர் எந்நாட்டில் நிற்கின்றனர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். லிஸ்பன் நகரில் பஸ் வண்டி 'அவுட்டோகாரோ', தரிப்பிடம் 'பராஜெம்'. றியோ டி ஜெனீரோவில் அவையே முறையே 'ஓனிபஸ்', 'பொன்டோ' என வழங்கும். புகையிரதம் போர்த்துக்கலில் 'கொம்போயோ'; பிறேசிலில் 'திரெம்'. இலக்கணமும் எழுத்தும் பெரிதும் ஒன்றாயிருக்க, பயணச் சொற்கள் மட்டும் இவ்வாறு பிரிந்து நிற்பதேன்?

ஆளும் நாட்டிலிருந்து ஆளப்படும் நாட்டிற்கே மொழியும் நாகரிகமும் பாய்கின்றன என்பது பலரது எண்ணம். பொதுப் போக்குவரத்தின் வரலாறு இதனை மறுக்கின்றது. பிறேசில் 1822இல் விடுதலை பெற்றது. அங்கு முதற் புகையிரதப் பாதை 1854இல் திறக்கப்பட்டது; போர்த்துக்கலின் முதற் பாதையோ, லிஸ்பனுக்கும் கறகாடோவுக்கும் இடையே, 1856இலேதான் திறக்கப்பட்டது. லிஸ்பன் நகரின் ட்ராம் வண்டிகளை நடத்திய 'கறிஸ்' கம்பனி 1872இல் நிறுவப்பட்ட இடமும் லிஸ்பன் அன்று, றியோ நகரேயாகும். 1873இல் லிஸ்பன் வீதிகளில் ஓடத்தொடங்கிய குதிரை ட்ராம்களை மக்கள் 'அமெரிக்கானோ' என்றே அழைத்தனர். மின்சார ட்ராம் றியோவில் 1892இலும் லிஸ்பனில் 1901இலும் ஓடலாயிற்று. முன்னாட் குடியேற்ற நாடே மும்முறையும் முந்திக்கொண்டது.

முந்திய நாடு தனக்கு வேண்டிய சொல்லைத் தானே தேடிக்கொண்டது. லிஸ்பன் மக்கள் மின்சார வண்டியை அதன் விசையினாற் குறித்து 'எலெத்ரிகோ' என்றனர். றியோ மக்களோ ட்ராம் வண்டியைப் 'பொண்டே' என்றனர். 1868இல் அங்கு சேவையைத் தொடக்கிய அமெரிக்கக் கம்பனியின் பயணச் சீட்டுக்கள் ஆங்கிலத்திற் 'பொண்ட்' எனப்பட்டன என்றும், சீட்டின் பெயரே பின்னர் வண்டிக்கும் ஆயிற்று என்றும் பரவலாக விளக்கங் கூறப்படும். ஓரிடத்தில் விசையும் மற்றோரிடத்தில் மூலதனமும் பெயராயின எனலாம்.

ஆபிரிக்காவின் நிலை வேறு. அங்கோலாவும் மொசாம்பிக்கும் 1975இல் விடுதலை பெற்றன. பின்னர் நேர்ந்த நீண்ட போர்க் காலங்களில் அரச பஸ் சேவை மக்களுக்குப் போதுமானதாயிருக்கவில்லை; தனியார் சிறு வாகனங்கள் அவ்விடத்தை நிரப்பின. மாபுட்டோவில் அவை 'சாப்பா' எனப்படுகின்றன. சொல்லின் அடிப்பொருள் தகடு என்பதாகும். லுவாண்டாவில் அவை 'கண்டொங்கேய்றோ'. அதன் அடிப்பொருள் கள்ள வணிகன். சட்டத்தின் விளிம்பிலே பிழைத்த ஒரு சேவையின் கதை அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

ஈழத்துத் தமிழருக்கும் இதிலொரு செய்தியுண்டு. போர்த்துக்கேயர் 1505இல் இத்தீவை அடைந்து, 1658இல் தம் ஆட்சியை இழந்தனர். அவர்களிடமிருந்து நாம் பெற்றவை கதிரை, மேசை, சாவி, அலுமாரி முதலான வீட்டுச் சொற்கள். பொதுப் போக்குவரத்துச் சொற்கள் எவையும் அவற்றுள் இல்லை. அவர்கள் நீங்கி இரு நூற்றாண்டுகளின் பின்னரே புகையிரதமும் ட்ராமும் அவர்தம் மொழிக்கே வந்து சேர்ந்தன. 'பஸ்' என்னுஞ் சொல் நமக்கு ஆங்கிலேயர் வழியாகவே வந்தது.

ஆகவே, அகராதியில் ஒரு சொல்லை மனனஞ் செய்து வழி கேட்கும் பயணி, அதற்கு ஈடான வேறு சொல்லை மறுமொழியாகப் பெறுவானாயின், அதனைப் பிழையெனக் கருதலாகாது. ஒரு மொழி அதனைக் கொண்டுசென்றோருக்கு மட்டும் உரியதன்று. அதனைப் பேசி, வண்டியேறி, கட்டணஞ் செலுத்தி, அன்றாடம் வாழும் மக்கள் அனைவருக்கும் உரியது. தரிப்பிடத்தில் நின்று வழி கூறும் எளிய மனிதனின் சொல்லிலும் வரலாறு உண்டு.