பேஸ் கிட்டார் ஆம்ப்ளிபயரில் வால்வு மாற்றம்

பேஸ் கிட்டாருக்கென அமைந்த ஆம்ப்ளிபயர்களுள், பழைய வானொலிப் பெட்டிகளில் நாம் கண்டு பழகிய வால்வுகளைக் கொண்டு இயங்குபவற்றில், ஒரு வால்வைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் பொருந்தக்கூடிய வேறொரு வகையையோ வேறொரு தயாரிப்பையோ செருகி, நாதத்தின் சுபாவத்தைத் தமக்கு உகந்தபடி திருத்திக்கொள்ளும் வழக்கம் வாத்தியக்காரர்களிடையே நெடுநாளாக இருந்துவருகிறது. இதனால் விளையும் பலனைப் பற்றி வழங்கும் பிரதாபங்களில் மிகை அதிகம். மாற்றப்படும் வால்வு எந்த ஸ்தானத்தில் இருக்கிறது, முன்பிருந்த வால்வு எவ்வளவு தளர்ந்துபோயிருந்தது என்ற இரண்டுமே பலனைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. கண்ணாடியின்மேல் அச்சிட்ட பெயருக்கு அதில் உள்ள பங்கு சொற்பமே.

லியோ ஃபெண்டர் 1951ல் பிரிசிஷன் பேஸ் என்னும் வாத்தியத்தை வெளியிட்டதைத் தொடர்ந்து, அதற்குத் துணையாக 1952ல் பேஸ்மேன் ஆம்ப்ளிபயரைக் கொணர்ந்தார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்த 5எஃப்6-ஏ என்ற அதன் திருந்திய வடிவம், நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்களோடு அமைந்து பெரும் கீர்த்தி பெற்றது. எனினும் பேஸுக்கென்று பிறந்த அந்தப் பெட்டியைச் சுவீகரித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் கிட்டார் வாசிப்பவர்களே என்பதும், லண்டனில் ஜிம் மார்ஷல் 1962ல் உருவாக்கிய முதல் ஆம்ப்ளிபயர் அதன் சர்க்யூட்டையே தழுவியது என்பதும் விநோதம். பேஸ் வாசிப்பவர்களின் அபிமானத்தை நிலையாகப் பெற்றவை அமெரிக்காவின் ஆம்பெக் நிறுவனத்தார் 1960ல் வெளியிட்ட பி-15 போர்ட்டாஃபிளெக்ஸும், 1969ல் வெளியிட்ட 300 வாட் எஸ்விடியும் ஆகும்.

இத்தகைய ஆம்ப்ளிபயரில் வால்வுகள் இரு பிரிவாக நிற்கின்றன. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சைகையைப் படிப்படியாக வளர்ப்பவை சிறு வால்வுகள். வளர்ந்த சைகைக்குச் சக்தியூட்டி, வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் வழியே ஸ்பீக்கரை அசைப்பவை பெரிய வால்வுகள். செலவில்லாமலும் அபாயமில்லாமலும் பரிசோதித்துப் பார்க்கத்தக்கவை சிறு வால்வுகளே. இவற்றுள் மிகப் பரவலாக உபயோகத்தில் உள்ளது ஒன்பது ஊசிகளையுடைய 12ஏஎக்ஸ்7. ஐரோப்பாவில் இதற்கு ஈசிசி83 என்று பெயர். இதன் பெருக்கக் குணகம் 100. ஊசி அமைப்பில் இதற்கு ஒத்தவையாகிய 12ஏடி7க்கு அது 60. 12ஏஒய்7க்குச் சுமார் 44. 12ஏயு7க்கு 20க்கு மேற்படாது. முதல் நிலையில் உள்ள 12ஏஎக்ஸ்7ஐ எடுத்துவிட்டு 12ஏஒய்7ஐ வைத்தால், சைகை அடுத்த நிலைக்கு அடங்கிய அளவிலேயே செல்லுமாதலால், வாசிப்பவர் நரம்பை ஓங்கி மீட்டினாலும் ஒலி எளிதில் கரகரக்காமல் தெளிவாக நிற்கிறது. ஒலிக் குமிழைச் சற்று அதிகமாகத் திருப்பவேண்டியிருக்கும், அவ்வளவே. மேற்சொன்ன பேஸ்மேனில் ஃபெண்டரே முதல் ஸ்தானத்தில் 12ஏஒய்7ஐத்தான் வைத்திருந்தார். காதுக்குச் சந்தேகமின்றிப் புலப்படும் மாறுதல் வேண்டுவோர் கைவைக்கவேண்டிய இடம் இந்த முதல் சாக்கெட்தான். பின்னுள்ள நிலைகளில் மாற்றத்தின் விளைவு ஒன்றுக்கொன்று குறைந்துகொண்டே போகிறது.

ஆயினும் சாக்கெட்டில் பொருந்துவதெல்லாம் சர்க்யூட்டிலும் பொருந்திவிடாது. பழைய எஸ்விடியில் பெரிய வால்வுகளை உந்தும் ஸ்தானத்தில் இருப்பது 12பிஹெச்7. இதன் ஊசி அமைப்பும் 12ஏஎக்ஸ்7ஐ ஒத்ததே, ஆனால் 6.3 வோல்ட்டில், வால்வைச் சூடாக்கும் இதன் இழை உண்ணும் மின்சாரம் 0.6 ஆம்பியர், மற்றதன் இழைக்கோ 0.3 ஆம்பியர் போதும். இங்கே 12ஏஎக்ஸ்7ஐச் செருகினால் அதனால் போதிய மின்சாரத்தைக் கொடுத்து உந்த இயலாது. அதே பெட்டியில் உள்ள 12டிடபிள்யு7 இன்னும் விசித்திரமானது: ஒரே கண்ணாடிக்குள் ஒரு பாதி 12ஏஎக்ஸ்7ஐயும் மறுபாதி 12ஏயு7ஐயும் ஒத்தது. விவரம் அறியாமல் அதை மாற்றிவிட்டு நாதம் கெட்டுவிட்டதென்று வருந்துவோர் உண்டு.

பெரிய வால்வுகளின் விஷயம் இதைவிடக் கடினமானது. 6எல்6ஜிசி, இஎல்34, 6550, கேடி88 ஆகிய நான்கும் ஒரே மாதிரியான எட்டு ஊசி அடித்தளம் கொண்டவை. அதனாலேயே ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்கும் ஆசை எழுகிறது. 6எல்6ஜிசியின் இழைக்கு 0.9 ஆம்பியரும், இஎல்34க்கு 1.5 ஆம்பியரும், 6550க்கும் கேடி88க்கும் 1.6 ஆம்பியரும் தேவைப்படுவதால், சிறிய வால்வுக்கென்று சுற்றப்பட்ட மின் டிரான்ஸ்பார்மர் பெரியதைத் தாங்குமா என்று முதலில் பார்த்தாகவேண்டும். அடுத்தது பயாஸ். வால்வு சும்மா இருக்கும்போது அதனூடே எவ்வளவு மின்சாரம் பாயவேண்டும் என்பதை நிர்ணயிக்கும் எதிர்மின்னழுத்தம் அது. இந்த அழுத்தம் தனியே ஊட்டப்படும் நிலைப் பயாஸ் பெட்டிகளில் வால்வுகளை மாற்றுந்தோறும் அதைச் சரிபார்க்கவேண்டும். வால்வினுள் எலெக்ட்ரான்கள் வந்துசேரும் தகடு தாங்கக்கூடிய வாட்டில் 70 சதவீதத்தை மேல்வரம்பாகக் கொள்வது தொழிலாளர் வழக்கம். 30 வாட் தாங்கும் 6எல்6ஜிசியின் தகட்டில் 450 வோல்ட் இருக்குமாயின், 21 வாட்டை 450ஆல் வகுக்கச் சுமார் 47 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது. அதற்குமேல் போனால் தகடு சிவந்து வால்வு விரைவில் மாளும், வெகுவாகக் குறைத்தாலோ மெல்லிய வாசிப்பில் ஒலி வறண்டு பிசிறுதட்டும்.

பேஸுக்கு விசேஷமான காரணம் ஒன்று, பெரிய வால்வுகளை ஜோடி பொருத்தி வாங்கச் சொல்கிறது. எதிரெதிராக நின்று இழுத்துத் தள்ளும் இரு பக்கத்து வால்வுகளிலும் பாயும் மின்சாரம் சமமாக இருந்தால், வெளியீட்டு டிரான்ஸ்பார்மரின் இரும்பில் அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று ரத்துசெய்துகொள்ளும். சமமில்லையேல் இரும்பு ஏற்கெனவே ஒரு பக்கமாகக் காந்தமேறி, மேலும் ஏற இடம் குறைந்து நிற்கும். குறிப்பிட்ட மின்னழுத்தத்தில் அதிர்வெண் பாதியாகும்போது இரும்பில் ஓடும் காந்தப் பிரவாகம் இரட்டிப்பதால், கிட்டாரின் தடித்த நரம்பு 82 ஹெர்ட்ஸில் தப்பித்துக்கொண்டாலும், 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் பேஸின் கடை நரம்பு அங்கே முதலில் அடிபட்டுவிடுகிறது. கீழ் ஸ்வரங்கள் குழைந்துபோகின்றன என்ற புகாருக்குப் பல சமயங்களில் இதுவே மூலம்.

தளர்ந்த வால்வுகளைப் புதுப்பிப்பதனால் வரும் முன்னேற்றமே எல்லாவற்றிலும் பெரிது. பல ஆண்டு உழைத்த 6550களை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தியவர், தாம் தேர்ந்தெடுத்த தயாரிப்பின் மகிமை என்று அதைக் கொண்டாடுவது மனித சுபாவம். வால்வின் நிலையைக் கண்ணாலேயே ஓரளவு அறியலாம்: கண்ணாடிச் சுவரின் உட்புறத்தில் தோன்றும் நீல ஒளி தீங்கற்றது, தகடுகளுக்கிடையே ஊதா நிறம் பரவினால் உள்ளே வாயு புகுந்துவிட்டது, உச்சியில் உள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தால் காற்றே நுழைந்துவிட்டது. சிறு வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்ட, அந்தத் தட்டல் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்குமானால், பெட்டியே அதிரும் பேஸ் வாசிப்புக்கு அது லாயக்கில்லை.

எஸ்விடியின் ஆரம்ப வரலாறும் வால்வு மாற்றத்தின் வரலாறே. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 1969ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளை உபயோகித்தனர். பதினான்கு வால்வுகளைக் கொண்ட அந்தப் பெட்டியில் சக்தி வால்வுகளாக முதலில் இருந்தவை ஆறு 6146கள். தயாரிப்பாளர்கள் விரைவிலேயே அவற்றைக் கைவிட்டு 6550க்கு மாறினர். உச்சியில் தொப்பிபோன்ற இணைப்பு உடையது 6146, இல்லாதது 6550 என்பதிலிருந்தே, அது வெறுமனே கழற்றிச் செருகும் காரியமன்று என்பது விளங்கும்.

தயாரிப்புப் பெயர்களில் வாங்குவோர் எச்சரிக்கையாக இருப்பது நலம். ரஷ்யாவின் சரத்தோவ் நகரிலுள்ள ஒரே ஆலையிலிருந்து சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சால் எனப் பல பெயர்களில் வால்வுகள் வெளிவருகின்றன. 1955ல் 6550ஐ அறிமுகப்படுத்திய பழைய அமெரிக்க டங்-சாலுக்கும் இதற்கும் பெயரளவிலேயே உறவு. ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனமும் சீன ஆலைகளும் மற்ற முக்கிய ஊற்றுக்கண்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் தயாரித்த ஈசிசி83ம் பழைய சரக்குத் தேடுவோர் கையில் அகப்படுவதுண்டு. ஜெர்மானிய டெலிஃபுங்கன் ஈசிசி83க்கு மதிப்பு மிக அதிகமாதலால் பொய்ச்சரக்கும் அதிகம். அசலின் அடிக்கண்ணாடியில், ஊசிகளுக்கு நடுவே, வைர வடிவ முத்திரை அச்சில் வார்க்கப்பட்டிருக்கும்.

மின் இணைப்பை நீக்கிய பிறகும் உட்புறக் கண்டென்சர்களில் உயிரைக் குடிக்கவல்ல மின்னழுத்தம் தங்கியிருக்கும். எஸ்விடி போன்ற பெட்டிகளில் தகட்டு மின்னழுத்தமே சுமார் 700 வோல்ட். ஆகவே பயாஸ் சரிசெய்தல் பழகிய தொழிலாளியின் வேலை. சிறு வால்வுகளை, பெட்டி ஆறியபின், வாசிப்பவரே மாற்றிக்கொள்ளலாம். இன்றைய பேஸ் ஆம்ப்ளிபயர்களில் அநேகம், முன்புறத்தில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7ஐ மட்டும் வைத்துக்கொண்டு, சக்திப் பகுதியை டிரான்ஸிஸ்டர்களிடம் விட்டுவிட்டவை. அவற்றில் மாற்றுவதற்கு இருப்பது அந்த ஒரு சாக்கெட்தான்.