நம்ம காசு: கல்வி உதவித்தொகை உரிமையான வரலாறும் கடனான வரலாறும்



யாருடைய நினைவாக இன்று இங்கே கூடியிருக்கிறோமோ, அந்த அண்ணன் நூல் எதுவும் எழுதியவர் அல்லர். மேடையேறிப் பேசியவரும் அல்லர். ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் நாட்களில் தாசில்தார் அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நம் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தார். நான் எம்.ஏ. சமூகவியல் சேர்ந்தபோது என் விண்ணப்பத்தையும் அவர்தான் நிரப்பினார். கையெழுத்துப் போடக் கூச்சப்பட்டு நின்றேன். "எதுக்கும்மா தலையக் குனியுற? இது யாரும் போடுற பிச்சை இல்ல. நம்ம காசு" என்றார். அதை அன்று ஆறுதலாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். அது வரலாற்று உண்மை என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் விளங்கியது. அந்த வரலாற்றைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் பாபாசாகேப் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் 11.5 பவுண்டு, மூன்று ஆண்டுகளுக்கு. படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் பணியில் சேரப் போனவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. அடையாளத்தை மறைத்துத் தங்கிய பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். வேலையை விட்டுத் திரும்பினார். மீண்டும் 1920இல் லண்டன் போக, சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடனும் தேவைப்பட்டன. ஒரு மன்னர் மனம் வைத்தால் ஒருவர் படிக்கலாம். ஒரு சமூகம் படிக்க அது போதாது. இதை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

அதனால்தான் 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான புனா ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவை நாம் மறக்கக் கூடாது. தனித்தொகுதியை இழந்த கதையாக மட்டுமே அந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாகாணத்திலும் கல்வி மானியத்திலிருந்து போதுமான தொகையை ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் கல்வி வசதிக்கென ஒதுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதில் கையெழுத்திட்டவர்களில் நம் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் உண்டு. தனித்தொகுதியை விட்டுக் கொடுத்துப் பெற்றவற்றில் ஒன்று இந்தக் கல்விப் பணம்.

1942இல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரான அம்பேத்கர், அந்த ஆண்டு அக்டோபர் 29 தேதியிட்டு, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பட்டியலிட்டு ஒரு மனு அளித்தார். அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கும் நம் மாணவர்களுக்கு அரசுப் பணத்திலிருந்து உதவித்தொகை வேண்டும், வெளிநாடு அனுப்பிப் படிக்க வைக்கவும் வேண்டும் என்று ரூபாய்க் கணக்கோடு கேட்டார். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை தொடங்கியது. 1948-49இல் பழங்குடி மாணவர்களுக்கும் விரிந்தது. இன்று 'போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்' என்று நாம் விண்ணப்பிப்பது அதன் தொடர்ச்சிதான். அரசியலமைப்பின் 46ஆவது பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் கல்வி நலனைத் தனிக் கவனத்தோடு வளர்ப்பதை அரசின் கடமை ஆக்கியது. 'நம்ம காசு' என்று அண்ணன் சொன்னதற்கு இத்தனை ஆதாரம் இருக்கிறது.

தோழர்களே, உரிமையை நேரடியாக யாரும் பறிக்கவில்லை. அதைக் காத்திருப்பாக மாற்றினார்கள்.

என் கதையையே சொல்கிறேன். விண்ணப்பம் போட்டது ஜூலையில். நவம்பரில் தேர்வு. கட்டணம் கட்டாமல் ஹால் டிக்கெட் கிடையாது என்றது கல்லூரி. அம்மா கம்மலை அடகு வைத்தார். உதவித்தொகை மார்ச்சில் வந்தது. கம்மல் வரவில்லை, அதற்குள் வட்டி அதை விழுங்கியிருந்தது. அரசு தாமதித்த எட்டு மாதத்துக்கு வட்டி கட்டியது கூலி வேலை செய்த என் அம்மா. இதே கதை உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும்.

இந்தத் தாமதத்துக்கு ஒரு நிதிக் கணக்கும் உண்டு. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலத்துக்கு ஆன செலவு, அடுத்த திட்டக் காலம் முழுவதும் அந்த மாநிலத்தின் பொறுப்பாக இருந்தது. அதற்கு மேல் ஆனதை மட்டுமே மத்திய அரசு தந்தது. படிக்க வரும் பிள்ளைகள் பெருகப் பெருக மாநிலத்தின் சுமை ஏறியது. 2017-18 முதல் 2019-20 வரை நாடு முழுமைக்கும் மத்திய அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய்தான். போராட்டங்களுக்குப் பிறகு, 2020 டிசம்பரில், மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கீடு வந்தது. ஐந்தாண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி, அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி என்று அறிவித்தார்கள். ஆனால் மாநிலம் தன் பங்கைச் செலுத்திய பிறகே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். காத்திருப்பு தீர்ந்துவிடவில்லை.

வருமான வரம்பையும் பாருங்கள். ஆண்டுக்கு 2.5 லட்சம். அதாவது மாதம் 21,000 ரூபாய் சம்பளம் வாங்கும் தூய்மைப் பணியாளரின் பிள்ளைக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை. 2019இல் முன்னேறிய சாதியாரில் 'ஏழை' யார் என்று வரையறுத்தபோது, அதே அரசு வைத்த வரம்பு 8 லட்சம்.

காத்திருந்தவர்களில் ரோகித் வெமுலாவும் ஒருவர். 2016 ஜனவரி 17இல் அவர் விட்டுச் சென்ற கடிதத்தில், தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகையைக் குடும்பத்துக்குச் சேர்க்கும்படி கேட்டிருந்தார். நட்சத்திரங்களைப் பற்றிய வரிகளை நாம் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். இந்தக் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காத்திருக்க முடியாதவர்களுக்குக் காட்டப்படும் வழி கடன். அரசே 1963இல் வட்டியில்லாத தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 1991இல் அது நின்றது. தமிழ்நாட்டில் 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின, கட்டணமும் பெருகியது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது. 4 லட்சம் வரை பிணை இல்லை. 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேல் சொத்து அடமானம். 1892க்குப் பிறகு கிடைத்த பஞ்சமி நிலத்தையும் பறிகொடுத்து நிற்கும் மக்களிடம் சொத்துப் பத்திரம் கேட்டார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் படிக்கும் கால வட்டி மானியம் 2009இல் வந்தது. 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்ற நிலை 2015இல் கடன் உத்தரவாத நிதியோடு வந்தது. இவை நல்ல மாற்றங்கள்தாம். ஆனால் அதே காலத்தில், வராக் கல்விக் கடன்களை வங்கி தனியார் நிறுவனத்துக்கு விற்றதையும், வேலை கிடைக்காத பிள்ளைகளின் வீட்டு வாசலில் வசூலுக்கு ஆள் நின்றதையும் தமிழ்நாடு கண்டது.

நம் தாத்தாக்கள் பண்ணையில் வாங்கிய சிறு கடனுக்காகப் படியாளாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. வங்கிக் கடனும் பண்ணைக் கடனும் ஒன்றல்ல. ஆனால் கடன் என்ற சொல் நம் வீட்டில் விழும்போது அந்த நினைவோடுதான் விழுகிறது. இன்னொன்று: கடன் என்பது நாளைய சம்பளத்தை நம்பித் தருவது. அந்தச் சம்பளம் கிடைக்குமா என்பதிலும் சாதி குறுக்கே நிற்கும் நாட்டில், நம் பிள்ளைக்கும் பக்கத்து இருக்கைப் பிள்ளைக்கும் ஒரே கடன் ஒரே சுமையாக இருப்பதில்லை.

2024இல் உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்துத் தலித் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடம் போனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30இல் உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் 17,500 ரூபாய்க்காக ஒரு பிள்ளை உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்ததே! போக முடியாத பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

மாணவத் தம்பி, தங்கைகளே, கடன் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படிப்பு நிற்பதைவிடக் கடன் மேல். ஆனால் கடன் விண்ணப்பத்துக்கு முன்னால் உதவித்தொகை விண்ணப்பம் போக வேண்டும். முன்பணம் கட்டாமல் சேர்வதற்கான 'ஃப்ரீஷிப் கார்டு' 2021 விதிமுறைகளில் இருக்கிறது, கேளுங்கள். வங்கி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொகை தாமதமானால், எந்தத் தேதியில் எந்த மேசையில் கோப்பு நின்றது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் போராட்ட நாட்காட்டியில் ஏப்ரல் 14 இருக்கிறது, டிசம்பர் 6 இருக்கிறது. ஜூன் மாதத்தையும் சேர்ப்போம். ஒவ்வோர் ஊரிலும் சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு ஆகியவற்றைக் கல்லூரி திறக்கும் முன்பே முடித்துக் கொடுக்க இரண்டு பேர் உட்காரட்டும். இன்று விண்ணப்பம் இணையத்துக்குப் போய்விட்டது; டீக்கடை பெஞ்சு ஈ-சேவை மையமாக மாறியிருக்கிறது. கூச்சப்பட்டு நிற்கும் பிள்ளை மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பிள்ளையிடம் 'நம்ம காசு' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஜெய்பீம்.