கனியும் காலமும்: முற்கால முஸ்லிம் இல்லங்களில் பழங்களின் பயன்பாடு

பறித்த கனியின் ஆயுள் மிகக் குறுகியது. சில நாட்களுக்குள் உண்ணாவிடில் அது அழுகிவிடும். பிழிந்து வைத்த சாறோ நுரைத்துப் பொங்கிப் போதைப் பொருளாக மாறிவிடும். வெப்பம் மிகுந்த அரபு மண்ணில் இம்மாற்றம் விரைந்து நிகழக்கூடியது. மது விலக்கப்பட்ட ஒரு சமுதாயத்தில் இது சமையலறையோடு முடிந்துவிடும் சிக்கலன்று. ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடைப்பட்ட எல்லையைத் தொடும் வினாவுமாகும். ஹதீஸ் தொகுப்புகளிலும் ஃபிக்ஹ் நூல்களிலும் 'அஷ்ரிபா' எனப்படும் பானங்களுக்குத் தனி அத்தியாயம் அமைந்ததன் காரணமும் இதுவே. பழங்களை முற்கால இல்லங்கள் எவ்வாறு பயன்படுத்தின என்று அறிய விழைவோருக்குச் சமையல் நூல்களைப் போலவே அவ்வத்தியாயங்களும் அரிய சான்றுகளாகும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்தில் அருந்தப்பட்ட 'நபீத்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ நீரில் ஊறவைத்து எடுக்கும் இனிய பானம் அது. காலையில் ஊறவைத்ததை இரவிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் அவர்கள் அருந்தியதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். மூன்றாம் நாள் மாலைக்குப் பின் எஞ்சியதை வைத்துக்கொள்ளவில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக அறிகிறோம். பானத்தின் தூய்மைக்குக் காலமே இங்கு அளவுகோலாக நின்றது.

பாத்திரமும் கவனத்திற்குரியதாயிற்று. கிழக்கு அரேபியாவிலிருந்து வந்த அப்துல் கைஸ் கூட்டத்தாரிடம் சுரைக்குடுக்கை, மெருகிட்ட பச்சை ஜாடி, கீல் பூசிய கலயம், குடைந்தெடுத்த பேரீச்சமரத் தண்டு ஆகியவற்றில் பானம் ஊறவைக்க வேண்டாமெனக் கூறப்பட்டது. இத்தகைய கலங்களில் சாறு விரைவில் புளித்துவிடும் என்றும், தோல்பையில் பொங்கினால் அது உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். பின்னர் இத்தடை தளர்த்தப்பட்டு, எக்கலத்திலும் அருந்தலாம், போதை தருவதை மட்டும் தவிர்க்க வேண்டும் என்ற பொதுவிதி நிலைபெற்றது.

இரண்டாம் வழி நெருப்பு. கலீஃபா உமர் (ரலி) சிரியா சென்றபோது, தங்கள் நாட்டுத் தட்பவெப்பத்திற்குத் திராட்சைப் பானமே ஏற்றதென்றும் தேன் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் மக்கள் முறையிட்டனர். மூன்றில் இரு பங்கு வற்றும்வரை சாற்றைக் காய்ச்சி அவர்கள் கொண்டுவந்தனர். உமர் (ரலி) அதில் விரலை இட்டு உயர்த்திப் பார்த்தார்கள். பாகு இழையாய் நீண்டது. ஒட்டகத்திற்குப் பூசும் கீல் போல் இருக்கிறதே என்று கூறி அதற்கு அனுமதி வழங்கினார்கள். இமாம் மாலிக்கின் 'முவத்தா' பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது. நீர் வற்றி இனிப்பு செறிந்த பாகு எளிதில் புளிப்பதில்லை என்ற இல்லத்து அனுபவ அறிவு, இங்கே சட்டத் தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று.

மூன்றாம் வழி காடி. காடி சிறந்ததொரு தொடுகறி என்ற நபிமொழி அதன் மதிப்பை உயர்த்தியது. மது தானாகவே காடியாக மாறிவிடின் அது தூய்மையானதே என்பதில் அறிஞர்கள் உடன்படுகின்றனர். வேறு பொருளைச் சேர்த்து வலிந்து மாற்றுவதை ஹனஃபிகள் ஏற்பர், ஷாஃபிஈகள் ஏற்பதில்லை. இவ்விரு மத்ஹபுகளையும் பின்பற்றுவோர் வாழும் தமிழகத்தில் இக்கருத்து வேற்றுமை அறியாத ஒன்றன்று.

அப்பாஸியர் காலத்தில் இவ்வறிவு நுண்கலையாக மலர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த 'கிதாபுத் தபீக்' இன்று கிடைக்கும் அரபுச் சமையல் நூல்களில் மிகப் பழைமையானது. 1226இல் அதே பெயரில் முஹம்மத் இப்னுல் ஹசன் அல்பக்தாதி எழுதிய நூல், முதல் அத்தியாயத்தையே புளிப்புக் கறிகளுக்கு ஒதுக்குகிறது. மாதுளைச் சாறு, பழுக்காத திராட்சையின் சாறு, ஆப்பிள், எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றில் வெந்த இறைச்சிக் கறிகள் அங்கே அணிவகுக்கின்றன. நாரத்தைக் கறிக்கு அவர் தரும் குறிப்பு நுட்பமானது: தோலுரிப்பவர் ஒருவராகவும் சாறு பிழிபவர் மற்றொருவராகவும் இருக்கவேண்டும். தோலின் கசப்பெண்ணெய் விரல்வழியே சாற்றில் கலந்துவிடக்கூடாது என்பதே இதன் கருத்தாகலாம்.

அந்த நாரத்தை நம் பக்கத்திலிருந்து சென்ற கனியே. ஹிஜ்ரி 300க்குப் பின் அது இந்தியாவிலிருந்து உமானுக்கும், அங்கிருந்து பஸராவுக்கும் சிரியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதுகிறார். இந்திய மண்ணில் அதற்கிருந்த நறுமணமும் நிறமும் அங்கே குன்றிவிட்டன என்றும் குறிப்பிடுகிறார். 'நாரஞ்ச்' என்ற அரபுச் சொல் பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகத் திராவிட மூலத்தை எட்டுகிறது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து.

நான்காம் வழியான உப்பைப் பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா கண்டெழுதினார். பழுக்குமுன் உதிரும் மாங்காய்களை இந்தியர் உப்பிட்டு ஊறவைப்பதை விவரிக்கும் அவர், தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைப்பது போல என்று ஒப்பிடுகிறார். ஹின்னவர் (இன்றைய ஹொன்னாவர்) சுல்தானின் விருந்தில் சோற்றோடு மிளகு, இஞ்சி, எலுமிச்சை, மாங்காய் ஊறுகாய்கள் பரிமாறப்பட்டன. கிழக்கு ஆப்பிரிக்காவின் மொகடிஷுவிலும் அவர் ஏறத்தாழ இதே உணவையே கண்டார். இந்தியப் பெருங்கடலின் இரு கரைகளையும் வணிகத்தோடு ஊறுகாய்க் கலயமும் இணைத்திருந்தது.

காலக்கணக்கு, நெருப்பு, காடி, உப்பு என இந்நான்கு வழிகளிலும் கனி வீணாகாமல் காக்கப்பட்டது. விளைச்சலை உண்ணுங்கள், அதன் உரிமையைக் கொடுத்துவிடுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் இறைமறையின் போதனை இல்லங்களில் செயல்வடிவம் பெற்றது இவ்வாறுதான். ஃபகீஹ்கள் எல்லையை வகுத்தனர். பாகின் பதத்தையும் புளிப்பின் முதல் நுரையையும் கண்டறிந்தவர்களோ, நூல்களில் பெயர் இடம்பெறாத இல்லத்தவர்களும் ஏவலர்களுமே. நம் சமுதாய வரலாற்றை எழுதுவோர் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குவது நீதியாகும்.