ஆகுபெயரும் டாலர் குறியும்

'ஊர் சிரித்தது' என்றால் சிரித்தவர்கள் மனிதர்கள். பெயர் தன் பொருளை விட்டு அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகிவருவது ஆகுபெயர். சரி, ஆக்குவது யார்? பெயரா, வாசிக்கிறவரா? லினக்ஸின் சூழல் மாறிகளுடைய வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசிக்கலாம்.

1979இல் பெல் ஆய்வுக்கூடம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில்தான் ஸ்டீபன் பூர்னின் ஷெல்லும் சூழல் மாறிகளும் சேர்ந்து வந்தன. 'ஹோம்' என்ற பெயருக்கு முன் டாலர் குறி போட்டால், ஷெல் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பயனரின் வீட்டு அடைவை வைக்கும். நிரலுக்குப் போய்ச்சேருவது மதிப்பு மட்டுமே. டாலரை அது பார்ப்பதேயில்லை. பதிலீட்டின் தடயம் அழிந்துவிடுகிறது.

லினக்ஸ் 1991இல் வந்தது. 1995இல் சன் நிறுவனத்தார் முன்வைத்த பாம் என்ற அனுமதிமுறை பிறகு அதற்குள் நுழைந்தது. டெபியன், உபுண்டுவில் ஈடிசி அடைவிலுள்ள 'என்விரான்மென்ட்' கோப்பை, பயனர் உள்ளே நுழையும்போது வாசிப்பது பாமின் ஓர் உறுப்புதான், ஷெல் அல்ல. அதற்கு இந்தக் கோப்பு ஓடவேண்டிய நிரல் அல்ல; பெயரும் மதிப்பும் கொண்ட வெறும் பட்டியல். டாலர் அங்கே இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். 'புரொஃபைல்' கோப்பில் சரியாக வேலைசெய்த வரியை, டாலர் பாத் என்று பழைய பாதையோடு புதியதைச் சேர்க்கும் வரியை, இங்கே அப்படியே ஒட்டினால் சாதாரணக் கட்டளைகூடக் கிடைக்காமல் போகலாம். எழுத்து மாறவில்லை, வாசகர் மாறிவிட்டார். 2017இல் சிஸ்டம்டி கொண்டுவந்த 'என்விரான்மென்ட்-டி' அடைவுக் கோப்புகளில் பதிலீடு திரும்பவும் உண்டு, ஆனால் கட்டளைகளை ஓடவிடாது. ஆக, இது பழையது போய்ப் புதியது வந்த கதை அல்ல. ஒரே இயந்திரத்தில் மூன்று இலக்கணங்கள் சேர்ந்து வாழ்கின்றன.

இந்தக் கோப்புகள் தினமும் திறந்து மூடப்படும் பெருங்குடியையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள்காரருக்கு அந்தப் பெயர் ஓஎம்ஆர் சாலைக் கண்ணாடிக் கட்டடம். குப்பை வண்டிக்குப் பல பத்தாண்டுகளாகக் கொட்டிய கிடங்கு. 2011இல் ஊரைத் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்ட மாநகராட்சிக்கு ஒரு மண்டலம். கிடங்குக்கு அடியில் கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு. 2022இல் அது ராம்சார் பட்டியலில் ஏறியது. 'பெருங்குடி வளர்ந்துவிட்டது' என்ற வாக்கியத்தில் எந்த மதிப்பு உட்கார்ந்திருக்கிறது? கட்டடம் உட்கார்ந்திருக்கிறது, சதுப்பு எழுந்துபோய்விட்டது. ஷெல் செய்வதுபோலவே, எடுத்துவைத்த கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெயர் எல்லோருக்கும் பொது, பதிலீடு பொது அல்ல. சூழல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் அது யார் வாசித்த சூழல் என்று கேட்டாக வேண்டும், கணிப்பொறியிலும் சரி, சதுப்பிலும் சரி.