பஞ்சாரம் முதல் பலகைக்கூடு வரை

தமிழர் குடிபெயர்ந்த நாடுகளுக்கெல்லாம் அவர்தம் மொழியும் வழிபாடும் உடன் சென்றதை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. ஆனால், உடன் சென்ற சிறு தொழில்களைப் பற்றி அவை மிகுதியாகப் பேசுவதில்லை. கொல்லைப்புறத்தில் நான்கு கோழிகளை வளர்த்து, முட்டை விற்ற காசை முடிந்து வைத்து, பிள்ளைக்குப் பலகையும் புத்தகமும் வாங்கிய தாய்மாரின் கதை கணக்கேடுகளில் ஏறாத கதையாகும். அக்கதையின் நடுவே நிற்பது கோழிக்கூடு. வெப்பநாட்டுக் கூடு குளிர்மலையில் எவ்வாறு மாறவேண்டியிருந்தது என்பதை ஆராய்வது, புதிதாகக் கோழி வளர்க்க முற்படுவோர்க்கும் பயன் தருவதாகும்.

தமிழரும் கோழியும்

கோழி தமிழர்க்குப் புதிய பறவையன்று. முல்லைத் திணையின் கருப்பொருள்களுள் கானக்கோழியும் ஒன்று. முருகன் கொடியில் நிற்பது சேவல். சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்னும் பெயரும் வழங்கிற்று. சேவல் ஒன்று யானையைப் பொருது வென்ற இடம் அதுவென்பது அப்பெயர்க்குக் கூறப்படும் காரணம்.

வீட்டுக் கோழியின் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்கானக்கோழி என்பது அறிஞர் முடிபு. மலாயாக் காடுகளிலும் அப்பறவை உண்டு. எனவே கோழி பிறப்பால் வெப்பக்காட்டுப் பறவை. இயற்கை அதற்கு இறகுப் போர்வையை அளித்துள்ளது. ஆயினும் குளிர்மலையில் அப்போர்வையை நனையாமல் காப்பது வளர்ப்போர் கடமையாகிறது.

தமிழ்நாட்டுச் சமவெளியில் அக்கடமை எளிது. மூங்கிலால் குடைபோல் முடையப்பெற்ற பஞ்சாரமே அங்குக் கோழியின் வீடு. பகலில் குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காக்கும்; இரவில் திண்ணையோரம் கவிழ்த்து மேலே ஒரு கல்லை வைத்தால் போதும். அதன் கண்கள் வழியே காற்று தடையின்றி ஓடும். வெயில் நாட்டிற்கு அதனினும் பொருத்தமான கூடு இல்லை எனலாம்.

மலை அழைத்தது

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் எல்லையிலுள்ள மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயராலேயே அது கேமரன் மலை ஆயிற்று. 1925-க்குப் பின்னரே அதனை மேம்படுத்தும் முயற்சி உருப்பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை ஏறியது; கங்காணி முறை நிலவிய அக்காலத்தில் தமிழ்த் தொழிலாளரும் ஏறினர்.

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது திரிங்காப். காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர் அது. ஒருபால் சுங்கை பாலாஸ், மறுபால் புளூ வேலி எனத் தேயிலைத் தோட்டங்கள் அப்பகுதியில் பரந்துள்ளன. சேலம், திருச்சி, தஞ்சை, ஆர்க்காடு மாவட்டங்களின் வெயிலில் வளர்ந்தோர்க்கு இம்மலை முற்றிலும் வேறான உலகம். கேமரன் மலையின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 18 பாகை செல்சியசு. 1978-இல் அது 7.8 பாகைவரை தாழ்ந்ததும் உண்டு. இங்கு வெண்பனி பெய்வதில்லை. ஆனால், மழையும் மூடுபனியும் மாறிமாறி வந்து நிலத்தை ஈரம் உலரவிடா.

இரு பிழைகள்

இத்தகைய இடத்தில் பஞ்சாரம் போதாது. வெயில் நாட்டில் நலம் செய்த கண்களே இங்குக் கேடு செய்கின்றன. மேலிருந்து சாரலும், பக்கத்திலிருந்து காற்றும், கீழிருந்து மண்ணின் ஈரமும் ஒருங்கே தாக்குகின்றன. நனைந்த இறகு வெப்பத்தைக் காக்காது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, விடியுமுன் மாள்கின்றன.

இதனைக் கண்டு அஞ்சுவோர் மறுபிழை செய்கின்றனர். சாக்கும் தகரமும் கொண்டு கூட்டின் எல்லாப் பக்கங்களையும் இறுக அடைத்துவிடுகின்றனர். குளிர் நுழையவில்லை, உள்ளிருக்கும் ஈரமும் வெளியேறவில்லை. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. அதன் மூச்சிலும் எச்சத்திலும் நீர் மிகுதி. அடைத்த கூட்டில் அந்நீராவி தகரக் கூரையில் பட்டுக் குளிர்ந்து, மழைபோல் சொட்டுகிறது. எச்சத்திலிருந்து எழும் நவச்சார நெடி கண்ணையும் மூச்சுக் குழலையும் அரிக்கிறது. குளிருக்கு அஞ்சிக் கட்டிய கூடே நோய்க்கூடமாகிவிடுகிறது.

உறைபனி நாட்டினரும் இவ்வுண்மையைப் பட்டே அறிந்தனர். அமெரிக்கரான மருத்துவர் பிரின்ஸ் உட்ஸ், 1924-இல் வெளியிட்ட நூலில், மூன்று பக்கம் அடைத்து வெயில் விழும் முன்பக்கத்தைத் திறந்துவிடும் கோழி வீட்டைப் பரிந்துரைத்தார். கனடாவில் துறவி வில்பிரிட் என்பார், கொண்டை உறைந்து புண்ணாகாதபடி, சிறு கொண்டையுடைய சாந்தகிளேர் என்னும் இனத்தை உருவாக்கினார். 1921-இல் அது ஏற்பு பெற்றது. உறைபனியிலேயே காற்றோட்டம் இன்றியமையாதது என்றால், திரிங்காப்பின் ஈரக்குளிரில் அது எத்துணைத் தேவை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நல்ல கூட்டின் இலக்கணம்

காற்று வேண்டும், ஆனால் உறங்கும் கோழியின் மேல் வீசுதல் கூடாது. இதுவே மலைக்கூட்டின் முதல் விதி. எனவே கீழ்ப்பகுதியைப் பலகையால் அடைத்து, இறவாணத்தை ஒட்டிய மேற்பகுதியில், கோழியின் தலைக்கு மேலாக, காற்று வழி விடுதல் வேண்டும். வாயில், காலை வெயிலை நோக்கியும் காற்றுக்குப் புறங்காட்டியும் அமைதல் நன்று.

கூடு தரையைத் தொடலாகாது. இரண்டடி உயரக் கால்கள் மண்ணின் ஈரத்தை விலக்கும். எலியும் பாம்பும் எளிதில் அணுகா. கூரைச் சரிவு மிகுந்து, இறவாணம் சுவருக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். தகரக் கூரையாயின் அதன் கீழே பலகை பாவுதல் சொட்டும் நீரைத் தடுக்கும்.

ஆறு கோழிக்கு ஆறடி நீளம், நான்கடி அகலம் போதும். மிகப் பெரிய கூடு சூடு தங்காது. மிகச் சிறியது ஈரம் போகாது. கோழி ஒன்றுக்குப் பத்தங்குலம் அளவில் அமர்சட்டம் வேண்டும். அச்சட்டம் உருண்டையாக இராமல் தட்டையாக இருப்பின், கோழி தன் விரல்களை வயிற்றிறகால் மூடிக்கொண்டு உறங்கும். தரையில் நான்கங்குலம் உமியோ மரச்சீவலோ பரப்பி, நனைந்ததை உடனுக்குடன் அகற்ற வேண்டும்.

கம்பிவலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. 1844-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரில் சார்லசு பர்னார்டு உருவாக்கிய அறுகோண வலையே இன்றும் கோழிவலை எனப்படுகிறது. அது கோழி வெளியேறாமல் காக்குமேயன்றி, மரநாய் உள்நுழையாமல் காக்காது. அரையங்குலக் கண்ணுடைய பற்றவைத்த கம்பிவலையே இரவுக்குத் துணை.

கூடு தேர்ந்ததா என்பதை அறிய ஒரு தேர்வு உண்டு. விடியலில் கதவைத் திறந்து முகத்தை உள்ளே நீட்டவேண்டும். நெடி கண்ணைக் கரித்தாலும், கூரையின் அடியில் நீர்த்துளி நின்றாலும், கூடு தோற்றது. மேல்வழியைப் பெரிதாக்க வேண்டும்.

நிறைவாக

2022 ஜூன் திங்களில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்திவைக்க நேர்ந்தது. சந்தையில் தட்டுப்பாடும் விலையேற்றமும் மக்களை வருத்தின. கொல்லைக்கூட்டின் மதிப்பை அந்நாள்கள் மீண்டும் நினைவூட்டின. பழைய பஞ்சாரத்தை இகழவேண்டியதில்லை. அது தன் நிலத்தை அறிந்து பிறந்த அறிவு. அதனை மலையிலும் அப்படியே கவிழ்ப்பது மரபைப் போற்றுவது ஆகாது. நிலம் மாறும்போது கூட்டை மாற்றி, உள்ளிருக்கும் உயிரைக் காப்பாற்றுவதே மரபின் உயிர். குடிபெயர்ந்த மக்களுக்கும் இஃதொரு பாடமன்றோ!